அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் கடை வாசல்களில் காலண்டர் ஏஜெண்டுகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசியில் வழக்கம். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவரைக் கல்லாவுக்கு எதிரே உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, நாம் மூன்று கேள்வி கேட்போம். ஆயிரத்துக்கு என்ன ரேட்? மார்கழி பிறக்கும் முன் சரக்கு வந்து சேருமா? போன வருஷத்தை விட எவ்வளவு குறைப்பீர்கள்? 1977-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு விருதுநகரில் தகப்பனார் கடையில் உட்கார்ந்த நாள் முதல் நானும் இந்த மூன்று கேள்விகளை மட்டுமே கேட்டு வந்தேன்.

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. என்ன காகிதம், என்ன மை, மெஷின் துடைத்த துணியும் கழுவிய தண்ணீரும் கடைசியில் எங்கே போகின்றன என்பதுதான் அது. அதைக் கேட்காமல் விட்டதால் நான் இரண்டு முறை கைப்பணத்தை இழந்திருக்கிறேன். உறுப்பினர் பெருமக்களில் வேறு யாரும் அப்படி இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பார்த்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடும் அன்பர்கள் நம்மில் உண்டு. மரம் நடு விழாவில் போட்டோ எடுத்துக்கொள்வதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே பேரேட்டுக் கணக்கு பேசுகிற முறையிலேயே பேசுகிறேன்.

ஒரு மொத்த வியாபாரி வருஷத்துக்கு எவ்வளவு அச்சு வேலை கொடுக்கிறார் என்று என்றைக்காவது கூட்டிப் பார்த்திருக்கிறோமா? பில் புக், டெலிவரி நோட், விலைப்பட்டியல், டின் லேபிள், பாக்கெட் கவர், அட்டைப்பெட்டி, கைப்பை, காலண்டர், அதற்கு மேல் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. என் கடையில் இவற்றை ஒரே தலைப்பில் எழுதாமல் இதர செலவு, விளம்பரம், பேக்கிங் என்று பிரித்துப் பிரித்து எழுதி வந்ததால் மொத்தம் கண்ணுக்குப் படவே இல்லை. ஒரு வருஷம் கணக்குப்பிள்ளையை விட்டுக் கூட்டச் சொன்னேன். வந்த தொகை ஒரு ஆளின் வருஷச் சம்பளத்தை விட அதிகம்.

முதல் நஷ்டம் மல்லிப் பொடியில் வந்தது. 2016-ல் எங்கள் கடைப் பெயரிலேயே மல்லிப் பொடி, மிளகாய்ப் பொடி பாக்கெட் போட்டு வெளியூர்ச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிக் கொண்டிருந்தோம். பளபளவென்று நான்கு கலர் கவர். அந்த ஆண்டு ஆவணி முகூர்த்தத்துக்கு முன் சரக்கு போக வேண்டும் என்று அச்சகத்தை நெருக்கினேன். விலையிலும் நெருக்கினேன். பத்து நாள் கேட்ட வேலை ஆறு நாளில் வந்தது. மகிழ்ச்சியோடு பொடியை அடைத்து அனுப்பினோம்.

மூன்றாம் வாரம் ஒரு கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, பொடியில தின்னர் வாடை அடிக்குது. ஒரு அம்மா பாக்கெட்டை மூஞ்சியில எறியாத குறையாத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறாங்க." ஏதோ ஒரு பெட்டி பெயிண்ட் கடைச் சரக்கோடு லாரியில் வந்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் இன்னும் இரண்டு ஊரிலிருந்து போன். குடோனில் இருந்த பாக்கெட்டை நானே வெட்டி முகர்ந்து பார்த்தேன். மல்லி வாசனைக்கு அடியில் அந்த வாடை இருந்தது. மல்லி நல்ல மல்லி, நானே கையில் அள்ளிப் பார்த்து வாங்கியது. வாடை கவரிலிருந்து ஏறியது. அனுப்பிய சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்தேன். லாரி வாடகை இரண்டு பக்கமும் என் தலையில்.

கோபத்தோடு அந்த அச்சகத்துக்குப் போனேன். அதுவரை அதன் ஆபீஸ் அறையில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் மெஷின் ஓடும் இடத்துக்குள் நுழைந்தேன். இரண்டு நிமிஷத்தில் கண் எரிந்தது, தலை கனத்தது. மெஷின் ஓட்டுகிற தம்பி முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சத்தம் போட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மை கரைக்கிற கெமிக்கல் ரோல்ல இருந்து முழுசாப் போகணும்னா மெஷினை மெதுவா ஓட்டணும். ரெண்டு பிலிமையும் ஒட்டின பிறகு காய விடணும். நீங்க அவசரம்னு சொன்னீங்கன்னு முதலாளி ராத்திரியும் ஓட்டச் சொன்னார். விலையையும் குறைச்சீங்களாம், அதனால மலிவான மை."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் ஒரு தடவை வந்து இரண்டு நிமிஷம் நின்ற எனக்கே தலை கனக்கிறது. அந்தத் தம்பி தினமும் எட்டு மணி நேரம், அவசர வேலை என்றால் பன்னிரண்டு மணி நேரம் அங்கே நிற்கிறார். அவர் மூச்சில் போனது போக மிச்சம்தான் என் மல்லிப் பொடிக்கு வந்திருக்கிறது.

இது என்ன கெமிக்கல் என்று பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டேன். பிளாஸ்டிக் கவரில் அச்சாகும் மையைக் கரைப்பதற்கு டொலுவீன், எத்தில் அசிடேட் போன்ற திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். அச்சானதும் சூடான காற்றில் இவை ஆவியாகிப் போக வேண்டும். வேகம் கூடினால், காய்ச்சல் குறைந்தால், கொஞ்சம் கவரிலேயே தங்கிவிடும். பொடி, டீத்தூள், கடலை மிட்டாய் போன்ற சரக்குகள் அந்த வாடையைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். டொலுவீன் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக் கூடியது. உணவுப் பொட்டலங்களுக்கான அச்சு மைக்கு ஐ.எஸ். 15495 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் ஒன்று உண்டு. 2020-ல் அதைத் திருத்தியபோது டொலுவீனையும் சேர்க்கக் கூடாத பொருட்களின் பட்டியலில் வைத்துவிட்டார்கள். 2018-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகள் இந்தத் தரத்துக்கு ஒத்த மையைத்தான் கேட்கின்றன. அதிகாரி வந்து பாக்கெட்டை எடுத்தால் அதில் பெரிய எழுத்தில் இருப்பது நம் கடைப் பெயர். அச்சகத்தைத் தேடிப் போவது அதற்குப் பிறகுதான்.

இப்போது டொலுவீன் இல்லாத மை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் கொடுக்கிறேன். கவரில் எவ்வளவு கரைப்பான் தங்கியிருக்கிறது என்று லேபில் சோதித்த ரிப்போர்ட்டும் கேட்கிறேன். பாக்கெட்டுக்குச் சில காசு கூடுகிறது, மறைக்கவில்லை. ரிப்போர்ட் வாங்க வசதியில்லாத உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்யலாம். கவரை நறுக்கி ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். எண்ணெயையும் நெய்யையும் முகர்ந்தே தரம் சொல்லுகிற மூக்கு நமக்கு இருக்கிறது. சரக்கை அடைத்த பிறகு கண்டுபிடிப்பதை விட அடைக்கும் முன் கண்டுபிடிப்பது லாபம்.

இரண்டாவது நஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே நஷ்டத்தை நம்மில் பலர் பட்டவர்கள். 2018 மே மாதம், ரேட் குறையும் என்று ஒன்றரை வருஷத்துக்கு ஆகும் பிளாஸ்டிக் கைப்பைகளைக் கடைப் பெயர் போட்டு வாங்கி அடுக்கினேன். ஜூன் 5-ந் தேதி அன்றைய முதலமைச்சர் திரு. எடப்பாடி பழனிசாமி அவர்கள் தடையைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கும் வந்தது. கைப்பைக்குக் கனம் எவ்வளவு இருந்தாலும் தமிழ்நாட்டில் தடைதான். நல்ல விலைக்கு வாங்கிய பையைக் கிலோக் கணக்கில் தள்ளினேன். சட்டம் வரும் திசை முன்னாலேயே தெரிந்துதான் இருந்தது. நான்தான் ரேட்டைப் பார்த்தேன். அதன் பிறகு மத்திய அரசும் 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றைத் தடை செய்தது. துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பையைத் துணி என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்தான். நெருப்பில் ஒரு நூலைக் காட்டினால் உருகிச் சுருண்டுவிடும், பருத்தி அப்படி உருகாது.

காகிதத்துக்கு வருவோம். அச்சு வேலையில் பெரிய செலவு பெரும்பாலும் காகிதம்தான். அதில் வீண் குறைந்தால் நமக்கும் லாபம், மரத்துக்கும் தண்ணீருக்கும் லாபம். இதைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு சிறிய அச்சகத்தின் வயதான கட்டிங் மாஸ்டர். டபுள் கிரவுன் தாள் 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். அதில் 4¾ அங்குலத்துக்கு 7¼ அங்குலம் என்ற அளவில் நோட்டீஸ் போட்டால், ஓரம் வெட்டவும் மெஷின் பிடிக்கவும் ஒரு அங்குலம் விட்ட பிறகும் ஒரு தாளில் 16 வரும். நான் பார்வையாக இருக்கட்டும் என்று அகலத்தை 5½ ஆக்கச் சொல்லியிருந்தேன். அந்த முக்கால் அங்குலத்தால் ஒரு தாளுக்கு 12 தான். பதினாறாயிரம் நோட்டீசுக்கு 1,000 தாள், அதாவது இரண்டு ரீம் போதும் என்ற இடத்தில் 1,334 தாள் ஆகிறது. மிச்சத் துண்டெல்லாம் கழிவுக்குப் போகும். அதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுத்திருக்கிறோம். "முதலாளி, அளவைத் தாளைப் பார்த்து வைக்கணும், ஆசையைப் பார்த்து வைக்கக் கூடாது" என்றார் அவர். ஆல்பத்தோடு வருகிற ஏஜெண்டுகள் இதைச் சொன்னதே இல்லை.

கனமும் அப்படியே. பில் புக்குக்கு 80 ஜி.எஸ்.எம். எதற்கு? அதே டபுள் கிரவுன் தாளில் 80-க்குப் பதில் 70 போட்டால் ரீமுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ குறைகிறது. மில்லில் காகிதம் கிலோ விலைதான் என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பில் புக்கே பாதியாகக் குறைந்துவிட்டது, பெரும்பாலான சில்லறைக் கடைக்காரர்களுக்கு பில் போனிலேயே போய்விடுகிறது என்பது தனி.

மரத்தை வெட்டாத காகிதம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கைதான் அதற்கு மூலப்பொருள். பில் புக், விலைப்பட்டியல், நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் தாராளமாகப் போதும். எஃப்.எஸ்.சி. முத்திரை போட்ட காகிதம் வேண்டுமானால் விலை கூடும். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற நம் உறுப்பினர்களிடம் வாங்குகிறவரே அந்த முத்திரையைக் கேட்கக் கூடும். மற்றவர்களுக்கு அது அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. சோயா மை என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய்க்கு மாற்றுத் தேடி அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அதைக் கொண்டு வந்தார்கள். அயோவாவில் ஒரு தினசரி 1987-ல் முதலில் அச்சடித்துப் பார்த்தது. அதற்கு முன் பல நூறு வருஷங்களாக அச்சு மை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சியதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர்க்காரன் நான், இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. தாவர எண்ணெய் மையால் அச்சான காகிதத்தை மறுசுழற்சி செய்யும்போது மையை எடுப்பதும் சுலபம். ஆனால் லேபிளில் ஒரு சோயாக் காய் படம் இருப்பதால் மட்டும் அந்த மையில் வேறெதுவும் கலக்கவில்லை என்று ஆகாது. எவ்வளவு பங்கு என்று கேளுங்கள்.

காலண்டர் அட்டையின் மேல் ஒட்டும் பளபளப்பு லேமினேஷன்தான் எனக்குப் பிடிக்காத ஒன்று. அது பிளாஸ்டிக் பிலிம். ஒட்டிய பிறகு அது காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. பழைய பேப்பர்காரர் தராசில் வைக்க மாட்டார், தள்ளி வைத்துவிடுவார். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூச்சு உண்டு. பளபளப்பு கொஞ்சம் மட்டு. ஒரு வருஷம் ஆணியில் தொங்குவதற்கு அது போதும்.

எல்லாவற்றையும் பழைய காகிதத்தில் போட்டால் நல்லது என்று ஒரேயடியாகச் சொல்லும் அன்பர்களோடு நான் உடன்படவில்லை. தின்பண்டம் நேரே படுகிற இடத்தில் பழைய அச்சுத் தாள் கூடவே கூடாது. வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதால் மை உணவில் ஏறுகிறது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. 2018 விதிகளில் அதைத் தடையே செய்துவிட்டது. நாங்கள் எல்லாம் தினத்தாளில் பொட்டலம் கட்டி வளர்ந்தவர்கள்தான். அது தெரியாத காலம். பழைய காகிதம் வெளி அட்டைப்பெட்டிக்கு இருக்கட்டும், உள்ளே புதுத் தாள் இருக்கட்டும்.

நல்ல அச்சகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டில் பச்சை இலை வரைந்திருப்பதை நம்பாதீர்கள். வண்டி ஏறி நேரில் போங்கள். மெஷின் ரூமுக்குள் நின்று பாருங்கள், கண் எரிகிறதா? உருளை துடைத்த துணியை மூடி போட்ட டிரம்மில் போடுகிறார்களா, கொல்லையில் குவித்து எரிக்கிறார்களா? கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? அது ஓடிச் சேருகிற கண்மாயில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது. பிளேட்டை பிலிம் எடுத்துப் போடுகிறார்களா, கம்ப்யூட்டரிலிருந்து நேரே போடுகிறார்களா? நேரே போட்டால் பிலிமும் இல்லை, அதைக் கழுவும் மருந்தும் இல்லை. பிழை திருத்தமும் சுலபம்.

இப்படிச் சொல்வதால் சிறிய அச்சகங்களை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம் ஆகாது. பெரிய மெஷின் இல்லாதவர்களும் பிளேட்டை வெளியே போட்டு வாங்குகிறார்கள். துணிக்கு ஒரு டிரம் வைக்க லட்சக்கணக்கில் முதல் வேண்டாம். 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த திரு. அய்ய நாடார், திரு. சண்முக நாடார் இருவருக்கும் பின்னால், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால்தான் சிவகாசியில் அச்சுத் தொழிலே வளர்ந்தது. சரக்குக்காரன் என்ன கேட்டானோ அதைச் செய்து கொடுத்தே வளர்ந்த தொழில் அது. நாம் மலிவும் அவசரமும் கேட்டோம், அவர்கள் மலிவும் அவசரமும் கொடுத்தார்கள். சுத்தமான மை கேட்டால் அதையும் கொடுப்பார்கள், அதற்குரிய விலையையும் நாளையும் நாம் கொடுத்தால். கார்த்திகையில் ஓடிப்போய் நிற்காமல் ஆவணியிலேயே ஆர்டரை உறுதி செய்தால் ராத்திரி வேலை பாதி குறையும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒரே தெருவில் ஐந்து கடைகள் ஐந்து அளவில் பில் புக் போடுகிறோம். அளவையும் காகிதத்தையும் ஒன்றாக்கி, பெயரை மட்டும் மாற்றிச் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் ஒரே தாளில் எல்லாக் கடை வேலையும் முடியும். மெஷினைச் சரிசெய்ய வீணாகும் தாள் ஐந்து பங்கு ஆகாது. ரேட்டும் குறையும். அடுத்த செயற்குழுவில் இதை வைக்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் விலை குறையும்" என்ற ஏஜெண்டின் வார்த்தையைக் கேட்டு நான் வருஷா வருஷம் ஆயிரம் காலண்டர் எடுத்து வந்தேன். போன தை மாதம் பரணில் ஏறிப் பார்த்தால் பிரிக்காத கட்டுகள், நான்கு வருஷத்துக்கு உரியவை. லட்சுமி படம் இருப்பதால் எரிக்கவும் மனமில்லை, எடைக்குப் போடவும் மனமில்லை. இந்த வருஷம் 600 மட்டும் சொல்லியிருக்கிறேன். லேமினேஷன் இல்லை, வார்னிஷ் பூச்சு. மாதிரி அட்டை வந்துவிட்டது. போன வருஷத்து அட்டையையும் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் கடைக்கு வரலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்கு முன் லாரி இறக்கிக் கொண்டிருப்போம்.